கிழக்கு டிமோரில் சுயராஜ்யம்

டிலி என்றதும் நேயர்கள் பாரத தேசத்தின் தலைநகரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஓர் எழுத்துக் குறைந்த டிலி. ஜாவாவுக்கும் பாலித் தீவுக்கும் அப்பால், ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே கிடக்கும் டிமோர் தீவின் கீழ்ப்பாதி ஒரு தனி தேசம். அதன் தலைநகரம் இது. பாலியிலிருந்து ஆகாய விமானம் இரண்டு மணி நேரத்திற்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. மொட்டை மலைகளும், மலையடிவாரத்தில் கடலோரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு நகரமும், எதிரே அட்டவ்ரோ தீவும் விமானத்தின் ஜன்னல் வழியாகவே தெரிகின்றன. இந்தத் தீவே ஒரு முதலை என்பது அந்நாட்டார் கதை. ஒரு சிறுவனால் உயிர் பிழைத்த முதலை, தன் அந்திய காலத்தில் நன்றிக் கடனாகத் தன் உடலையே அவனுக்கு நிலமாகக் கொடுத்ததாம். ஆகையால் இன்றும் முதலையைத் 'தாத்தா' என்றே மரியாதையாகக் குறிப்பிடுகிறார்கள். தாத்தா சில சமயம் கரையேறிப் பேரப்பிள்ளைகளை இழுத்துச் செல்வதும் உண்டு என்பது வேறு விஷயம்.

நாம் அங்கே சென்றது கோடை விடுமுறையில். பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்து இருபது வருஷங்களாகக் காலந்தள்ளி வருகிற நமக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. பாட புத்தகங்களில், சுதந்திரம் கிடைத்த தேதியோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் என்ன நடந்தது? எரிந்த வீட்டுக்கு யார் கூரை போட்டார்கள்? அந்நியனுக்குத் துணை நின்ற அண்டை வீட்டுக்காரனோடு எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள்? கஜானாச் சாவி யாரிடம் இருந்தது? இவற்றுக்கெல்லாம் நம் காலத்திலேயே விடை தேடிக்கொண்டிருக்கும் தேசம் கிழக்கு டிமோர். சுயராஜ்யத்துக்கு அவர்களுடைய டெட்டும் பாஷையில் 'உக்குன் ராசிக் ஆன்' என்று பெயர். தன்னைத் தானே ஆளுதல் என்று அர்த்தம்.

சந்தன மரத்தை நாடிப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்கு வந்தார்கள். ஒரு காலத்தில் இவ்விடத்து நிர்வாகம் நம் கோவாவிலிருந்தே நடைபெற்று வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பிறகு மீண்டும் போர்த்துகீசியர். 1974-ல் லிஸ்பன் நகரில் புரட்சி உண்டாகவே, அவர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். 1975 நவம்பர் 28-ந் தேதி டிமோர் மக்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். டிசம்பர் 7-ந் தேதி இந்தோனேஷிய ராணுவம் டிலியில் வந்து இறங்கியது. ஒன்பதே நாள் சுதந்திரம்! அதற்குப் பின் 24 வருஷம் அந்நிய ராணுவத்தின் ஆட்சி. அந்தக் காலத்தில் குறைந்தபட்சம் 1,02,800 பேர் யுத்தத்தின் காரணமாக இறந்ததாகப் பின்னர் ஏற்பட்ட உண்மைக் கமிஷன் கணக்கிட்டிருக்கிறது. குண்டுக்கும் கத்திக்கும் இரையானவர்கள் இதில் 18,600 பேர்தான். மற்ற 84,200 பேரும் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள். தேசத்தின் அன்றைய ஜனத்தொகையே ஆறேழு லட்சம் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

டிலியில் சாண்டா குரூஸ் மயானம் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சமாதிகள் நெருக்கமாக, நடக்க இடமில்லாதபடி எழும்பி நிற்கின்றன. 1991 நவம்பர் 12-ந் தேதி, செபஸ்தியாவோ கோமெஸ் என்ற இளைஞரின் சமாதிக்கு அஞ்சலி செலுத்த ஊர்வலமாக வந்த ஜனங்களின் மேல் ராணுவத்தினர் சுட்டார்கள். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று மாக்ஸ் ஸ்டால் என்ற ஆங்கிலேயர் அங்கே படம் பிடித்துக்கொண்டிருந்தார். படச் சுருளைப் புதுச் சமாதி ஒன்றில் புதைத்து வைத்து, பிற்பாடு தோண்டியெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். அது வரையில் உலகம் இந்தத் தேசத்தை அநேகமாக மறந்தே போயிருந்தது. அன்று இறந்தவர்களில் பலருடைய உடல்கள் இன்றளவும் அகப்படவில்லை. பூக்கள் வைக்கச் சமாதி இல்லாத குடும்பத்தார் மயானத்தின் வாசலிலேயே மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறார்கள்.

சுஹார்த்தோ 1998-ல் பதவியிழந்தார். அடுத்து வந்த ஹபீபி, ஜனங்களின் வாக்கைக் கேட்க இணங்கினார். 1999 ஆகஸ்டு 30-ந் தேதி, பதிவு செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் வந்து வாக்களித்தார்கள், 78.5 சதவிகிதம் சுதந்திரத்தின் பக்கம் விழுந்தது. அதற்குத் தண்டனையாக, ராணுவமும் அது வளர்த்துவிட்ட ஆயுதக் கூட்டங்களும் தேசத்தைக் கொளுத்திவிட்டுப் போயின. கட்டிடங்களில் சுமார் 70 சதவிகிதம் அழிந்தன. மின்சாரக் கம்பிகளைக்கூட விட்டு வைக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் எல்லை தாண்டி மேற்கு டிமோருக்குத் துரத்தப்பட்டார்கள். செப்டம்பர் 20-ந் தேதி ஆஸ்திரேலியாவின் தலைமையில் சர்வதேசப் படை வந்து இறங்கிய பிறகுதான் தீ அணைந்தது.

நகரின் கிழக்குக் கோடியில், கடலுக்குள் நீண்டிருக்கும் குன்றின் மேல் ஏசுநாதரின் பெரிய சிலை ஒன்று நிற்கிறது. 27 மீட்டர் உயரம். டிமோரை இந்தோனேஷியாவின் இருபத்தேழாவது மாகாணம் என்று நிலைநாட்டுவதற்காகவே அந்த உயரம் என்பார்கள். 1996-ல் சுஹார்த்தோவே வந்து திறந்து வைத்தார். நகரத்துக்குள் இன்னொரு சிலை: கைவிலங்கை முறித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதன். போர்த்துகீசியரிடமிருந்து டிமோரை 'விடுவித்ததற்காக' இந்தோனேஷியர் வைத்த ஞாபகச் சின்னம் அது! வேறொரு தேசமாயிருந்தால் இரண்டும் கடலுக்குப் போயிருக்கும். இங்கே இரண்டும் அப்படியே நிற்கின்றன. ஏசுநாதரின் காலடியில் மாலை நேரத்தில் இளைஞர்கள் படியேறித் தேகப்பயிற்சி செய்கிறார்கள். அந்நியன் வைத்தது என்று அவர்களில் எவரும் முகம் சுளிப்பதாகத் தெரியவில்லை.

அந்நியன் போனதும் அதிகாரம் டிமோர் மக்களின் கைக்கு வந்துவிடவில்லை. 1999 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை நிர்வாகத்தை ஏற்றது. செர்ஜியோ வியேரா டி மெல்லோ என்ற பிரேஸில் தேசத்தவர் தலைமை நிர்வாகி. சட்டம் செய்யும் அதிகாரம், அமல் நடத்தும் அதிகாரம், நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரம் எல்லாம் அவர் ஒருவரிடம் குவிந்தன. பழைய கவர்னர் துரைகள்கூட இதைக் கண்டால் பொறாமைப்பட்டிருப்பார்கள். மனிதர் நல்லவர், 2003-ல் பாக்தாத் நகரில் குண்டுவெடிப்பில் உயிர் துறந்த உத்தமர். ஆனால் ஏற்பாடு நல்லதாக இல்லை. கூரையற்ற வீடுகளில் ஜனங்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தபோது, வந்திறங்கிய உத்தியோகஸ்தர்கள் துறைமுகத்தில் மிதக்கும் ஓட்டலில் குளிர்ந்த அறைகளில் தங்கியிருந்தார்கள். மலைகளில் 24 வருஷம் போராடியவர்கள், ஆலோசனை சொல்லும் அளவிலேயே நிறுத்தப்பட்டார்கள். முணுமுணுப்பு முற்றிய பிறகு, 2000-ம் வருஷத்தில் மந்திரி சபையில் பாதி இடம் அவர்களுக்குக் கிடைத்தது. 2001-ல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. 2002 மே 20-ந் தேதி முழுச் சுதந்திரம். ஜகார்த்தாவின் சிறையிலிருந்து மீண்ட ஷனானா குஸ்மாவோ முதல் பிரஸிடெண்ட் ஆனார்.

இத்தனைக்கும் நடுவில், அந்நிய நிபுணர் எவரும் கொண்டு வராத ஒரு காரியம் கிராமங்களில் நடந்தது. நாம் டிமோருக்குப் போனதற்கு அதுவே முக்கிய காரணம் என்று சொல்லலாம்.

டிலியில் பலிடே என்னும் பகுதியில் ஒரு பழைய சிறைச்சாலை. போர்த்துகீசியர் கட்டியது, இந்தோனேஷியர் தாராளமாக உபயோகித்தது. வெளிச்சம் புகாத அறைகளில் கைதிகள் சுவரில் கீறிய எழுத்துக்களை அழிக்காமல் காத்து வருகிறார்கள். உண்மைக் கமிஷன் தன் காரியாலயத்தை வேண்டுமென்றே இந்தச் சிறையில் அமைத்துக்கொண்டது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்து, 2005-ல் 2,000 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை அளித்தது. அறிக்கையின் பெயர் 'ஷேகா'. போர்த்துகீசிய மொழியில் 'போதும்' என்று பொருள். இந்தக் கமிஷனின் மற்றொரு வேலை, ஊருக்கு ஊர் பாய் விரித்தது.

'நாஹே பிட்டி' என்றால் பாய் விரித்தல். தகராறு தீர்ப்பதற்கு மலைக் கிராமங்களில் தொன்றுதொட்டு வந்த முறை. வீட்டைக் கொளுத்தியவன், மாட்டைத் திருடியவன், ஆளை அடித்தவன் ஊருக்குத் திரும்ப விரும்பினால், முதலில் கமிஷனிடம் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். கொலை, பலாத்காரம் போன்ற மகா பாதகங்களுக்கு இங்கே இடமில்லை. அவை கோர்ட்டுக்குப் போயின. பிறகு ஒரு நாள் ஊர் கூடும். 'லியான் நாயின்' எனப்படும் பெரியவர் பாயை விரிப்பார். லியான் நாயின் என்றால் சொல்லுக்கு உடையவர். வெற்றிலை பாக்கு வரும் (நம் ஊர்ப் பஞ்சாயத்து நினைவுக்கு வந்தது). குற்றவாளி எல்லோர் முன்னிலும் செய்ததைச் சொல்வான். பாதிக்கப்பட்டவர்கள் கேள்வி கேட்பார்கள். சில இடங்களில் இரவு முழுதும் இது நீளும். விவகாரம் தீரும்வரை பாயைச் சுருட்டுவதில்லை. முடிவில், பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேய்வது, கோவிலைச் சீர் செய்வது, மன்னிப்புக் கேட்பது என்று ஏதாவது ஒரு பிராயச்சித்தம் விதிக்கப்படும். கோர்ட் அதைப் பதிவு செய்துகொள்ளும். இவ்வாறு 1,371 பேர் தத்தம் ஊரில் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.

எர்மெரா மலைச்சாரலில், உயர்ந்த நிழல் மரங்களின் கீழ் காப்பிச் செடிகள் அடர்ந்த ஒரு சிற்றூரில், ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவரைச் சந்தித்தோம். அவருடைய ஊரில் நடந்த பாய் விரிப்புக்கு அவரும் போயிருந்தாராம். சக உபாத்தியாயர்கள் என்று தெரிந்ததும் காப்பி கொடுத்து உட்கார வைத்தார்.

"பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைத்தவனை எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் படித்தவன். அவனேதான் திரும்பக் கூரை போட்டான். இப்போது அவன் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்" என்றார்.

"உங்களுக்கு மனம் ஆறிவிட்டதா, ஐயா?" என்று கேட்டோம்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் விஷயத்தில் ஆறிவிட்டது. அவன் கையில் பெட்ரோலைக் கொடுத்து அனுப்பியவர் எங்கள் பாயில் வந்து உட்காரவே இல்லையே!" என்றார்.

அந்தப் பதில் நம்மைத் தொடர்ந்து வந்தது. கமிஷனின் கதையில் மிகவும் கசப்பான பகுதியும் அதுவே. டிலியில் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த விசேஷக் கோர்ட்டில் 84 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அநேகமாக எல்லோரும் உள்ளூர் ஏழை ஜனங்கள். குற்றஞ்சாட்டப்பட்ட மற்றும் சுமார் 300 பேர், அவர்களில் பெரிய தளபதிகளும் சேர்த்து, இந்தோனேஷியாவில் சௌக்கியமாக இருந்தார்கள். ஜகார்த்தாவில் 18 பேரை விசாரித்தார்கள். ஆறு பேர் குற்றவாளிகள் என்றார்கள். அப்பீலில் அந்த ஆறு பேரும் விடுதலை. 2008-ல் இரு தேசங்களின் கூட்டுக் கமிஷன், பொறுப்பு இந்தோனேஷிய ராணுவ ஸ்தாபனங்களைச் சாரும் என்று சொல்லி, ஆனால் தனி மனிதர் பெயர் எதையும் சொல்லாமல் விட்டது. பிரஸிடெண்ட் யுதயோனோ வருத்தம் தெரிவித்தார். அத்தோடு சரி.

குஸ்மாவோ முதலியவர்களின் வாதம் நமக்குப் புரியாமல் இல்லை. பத்து லட்சம் ஜனங்கள் உள்ள தேசம், இருபது கோடி ஜனங்கள் உள்ள அண்டை தேசத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு பிழைக்க முடியாது. டிலிக் கடைகளில் அரிசி, சோப்பு, சிமெண்டு எல்லாம் அங்கிருந்து வருவதைக் கண்ணாரப் பார்த்தோம். இருந்தாலும், ஏழைக்குப் பாய், தளபதிக்குப் பென்ஷன் என்ற ஏற்பாட்டை நியாயம் என்று ஒப்புக்கொள்ள நம்மால் முடியவில்லை. இராஜதந்திரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சுதந்திரம் பெற்று நாலு வருஷம் ஆவதற்குள் வீடு மறுபடியும் பற்றி எரிந்தது. இந்தத் தடவை அந்நியர் எவரும் கொளுத்தவில்லை. 2006-ல், மேற்குப் பகுதிக்காரர்களுக்குப் பாரபட்சம் காட்டப்படுகிறது என்று முறையிட்ட சுமார் 600 சிப்பாய்களை ஒரே உத்தரவில் வேலையை விட்டு நீக்கினார்கள். ராணுவம் ஒரு பக்கமும் போலீஸ் ஒரு பக்கமும் நின்று சுட்டுக்கொண்டன. கிழக்கத்தியான், மேற்கத்தியான் என்று டிலித் தெருக்களில் வீடுகள் கொளுத்தப்பட்டன. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வீடிழந்து, விமான நிலைய வாசலிலும் கோவில் முற்றங்களிலும் கூடாரம் போட்டார்கள். அந்நியப் படைகள் மறுபடி வந்து இறங்கின. 2008 பிப்ரவரி 11-ந் தேதி, கலகக்காரர்களின் குண்டு பட்டு பிரஸிடெண்ட் ஜோஸே ராமோஸ் ஹோர்ட்டா மரணத்தின் வாசல் வரை போய் மீண்டார். 'இது உருப்படாத தேசம்' என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் தீர்ப்பு எழுதிவிட்டன.

தீர்ப்பு அவசரப்பட்டு எழுதியது. காரியம் எப்படிச் சரியாயிற்று என்று விசாரித்தால், பெரிய தத்துவம் ஒன்றும் அகப்படவில்லை, பணமும் பாயும்தான். வீடு முற்றிலும் அழிந்தவர்களுக்கு 4,500 டாலர் வரை கொடுத்து ஊர் திரும்பச் சொன்னார்கள். நீக்கப்பட்ட சிப்பாய்களுக்கு ஆளுக்கு 8,000 டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள். திரும்பி வருகிறவர்களை அண்டை வீட்டார் ஏற்கும்படி ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினார்கள். கலகம் செய்தவனுக்குக் காசா என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள், கேள்வி நியாயமானதுதான். ஆயினும் 2009-க்குள் கூடாரங்கள் அநேகமாகக் கலைந்தன. 2012 டிசம்பர் கடைசியில் ஐக்கிய நாடுகள் சபையின் படை விடைபெற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு தேர்தல்களில் தோற்ற சர்க்கார்கள் சண்டையின்றி நாற்காலியை விட்டிருக்கின்றன. 2015-ல் பிரதம மந்திரியாக இருந்த குஸ்மாவோ தாமே விலகி, எதிர்க்கட்சியைச் சேர்ந்த ரூயி மரியா டி அராவுஜோ என்ற டாக்டரைப் பிரதமராக்கினார். நம் பக்கத்தில் இப்படி ஒரு செய்தி வந்தால் அச்சுப் பிழை என்று நினைப்போம்.

கொடுக்கப் பணம் கடலுக்கடியிலிருந்து வந்தது. பெட்ரோலியத்தில் வரும் வருமானத்தை 2005 முதல் தனி நிதியில் போட்டு, நார்வே தேசத்து மாதிரியில், வருஷத்துக்குச் சுமார் 3 சதவிகிதம் மட்டும் எடுத்துச் செலவு செய்வது என்று சட்டம் செய்துகொண்டார்கள். 2024-ம் வருஷ முடிவில் அதில் சுமார் 1,800 கோடி டாலர் இருந்தது. கடல் எல்லை விஷயத்தில் ஆஸ்திரேலியாவையும் விடவில்லை. 2004-ல் பேரம் நடந்த சமயத்தில் தங்கள் மந்திரி சபை அறையில் ஒட்டுக் கேட்டதாக 2013-ல் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார்கள். 2016-ல் சர்வதேச சமரசத்துக்கு இழுத்தார்கள். 2018-ல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காப்பாற்ற வந்தவனிடமும் கணக்குக் கேட்பது சாமானிய தைரியமல்ல. ஆனால் சில வருஷங்களாக 3 சதவிகித வரம்பை மீறித்தான் செலவு நடக்கிறது. பாயூ உண்டான் என்னும் எண்ணெய்க் கிணறுகள் 2025-ல் ஓய்ந்துவிட்டன. 'ஸன்ரைஸ்' என்னும் அடுத்த கடற்படுகை இன்னும் தோண்டப்படவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி, போதிய போஷணை இல்லாமல் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி இருப்பதாக 2020-ல் எடுத்த கணக்குச் சொல்லிற்று. கடற்கரையில் பளபளக்கும் சர்க்கார் கட்டிடங்களைப் பார்த்துவிட்டு மலையேறினால் இந்தக் கணக்குக்கு அத்தாட்சி தேட வேண்டியதில்லை.

பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் தொழிலுக்குத் துரோகம். இந்தோனேஷியர் காலத்தில் உயர்தரப் பள்ளிகளின் உபாத்தியாயர்கள் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். 1999-ல் அவர்கள் போனதும், கரியான சுவர்களுக்கு நடுவே, கிடைத்த இளைஞர்களை வைத்துப் பாடம் தொடங்கினார்கள். அதோடு பாஷைச் சங்கடம் வேறு. புதிய அரசியல் சட்டம் டெட்டும், போர்த்துகீசியம் இரண்டையும் ராஜ பாஷை ஆக்கிற்று. போராட்டத் தலைவர்கள் போர்த்துகீசியம் படித்த தலைமுறை. அவர்களுக்கு அது எதிர்ப்பின் மொழி. ஆனால் 2002-ல் அதைப் பேசத் தெரிந்தவர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். இந்தோனேஷிய மொழியில் படித்துப் பட்டம் பெற்ற வாலிபர்கள் ஒரே நாளில் சொந்த தேசத்தில் எழுத்தறியாதவர்கள் ஆனார்கள். கிழக்கே பவுகாவ் பக்கத்தில் ஒரு குழந்தை வீட்டில் மக்காசாய் பேசுகிறது; சந்தையில் டெட்டும்; தொலைக்காட்சியில் இந்தோனேஷிய மொழி; புத்தகத்தில் போர்த்துகீசியம். ஒரு பள்ளியில், உபாத்தியாயினி போர்த்துகீசியத்தில் ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டு, அதற்கு அர்த்தம் சொல்ல டெட்டும் பாஷைக்குத் தாவியதைக் கண்டோம். வகுப்பு உடனே கலகலவென்று உயிர் பெற்றது. டெட்டும் பாஷையில் இன்னும் நிறையப் புத்தகங்கள் வர வேண்டும். முதல் வகுப்புகளாவது வீட்டு மொழியில் நடக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். சில ஜில்லாக்களில் அந்தப் பரீட்சை நடந்து நல்ல பலன் தந்திருக்கிறது.

2025 அக்டோபரில் கிழக்கு டிமோர், தென்கிழக்காசிய தேசங்களின் சங்கத்தில் பதினோராவது அங்கத்தினராகச் சேர்ந்தது. பழைய எஜமானனும் பழைய அடிமையும் அங்கே ஒரே மேஜையில் உட்காருகிறார்கள்.

தீராத விவகாரம் இன்னொன்று உண்டு. ஆக்கிரமிப்புக் காலத்தில் சிப்பாய்களும் மற்றவர்களும் பல ஆயிரம் டிமோர்க் குழந்தைகளை இந்தோனேஷியாவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். சிலரை வளர்ப்புப் பிள்ளைகளாக, சிலரை வேலைக்கு. பெயர் மாறி, மதம் மாறி, ஊரும் உறவும் மறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். 2013 முதல், இரு தேசத்துத் தொண்டர்களும் சேர்ந்து அவர்களைத் தேடிப் பிடித்து, சிறு சிறு கூட்டமாகத் தாய் வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். இப்போது அவர்களில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. தாயார் உயிரோடு இருந்தாலும் அவளோடு பேச டெட்டும் தெரியாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. இறந்து போனதாக நினைத்து வீட்டார் எப்போதோ கட்டிவிட்ட வெறும் சமாதியின் முன் அவர்களில் சிலர் நின்று, தங்கள் பெயரைத் தாங்களே படித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.